நரி மழை

வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சடசடவெனப் பெய்து, குடையை விரிப்பதற்குள் நின்றுவிடும் மழைக்குக் கொரிய மொழியில் ‘யொவுபி’ என்று பெயர். ‘யொவு’ என்றால் நரி, ‘பி’ என்றால் மழை. நரி மழை. இந்தப் பெயர் என் காதில் விழுந்தது ஒரு தொலைக்காட்சி நாடகத்தால். 2010 ஓகஸ்டில் தொடங்கி செப்டெம்பர் முடிய, தென்கொரியாவின் எஸ்பிஎஸ் அலைவரிசையில் 16 பகுதிகளாக ஒளிபரப்பான ‘என் காதலி ஒரு குமிஹோ’ அது. ஹொங் சகோதரிகள் என்று அழைக்கப்படும் இரட்டை எழுத்தாளர்கள் எழுதியது. ஷின் மின்-ஆவும் லீ ஸுங்-கியும் நடித்தது. கதாநாயகி மனித உருவில் உலவும் ஒன்பது வால் நரி. அவள் அழுதால் வானம் தெளிந்திருக்கும்போதே மழை பெய்யும். வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால், அவள் எங்கோ நின்று அழுகிறாள் என்று கதாநாயகனுக்குத் தெரிந்துவிடும். லீ சொன்-ஹீ அந்த நாடகத்துக்காகப் பாடிய பாட்டின் தலைப்பும் ‘யொவுபி’தான்.

தமிழ் பேசும் எவருக்கும் இதில் விளக்கம் வேண்டியதில்லை. வெயிலும் மழையும் ஒன்றாய் வந்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று நமக்கு நடை பழகும் வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். எங்கோ வடகிழக்கு ஆசியாவில், நம் மொழியோடு தொடர்பு நிறுவப்படாத ஒரு மொழியிலும் அதே மழைக்குள் அதே நரி எப்படி வந்து நின்றது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நாடகம் பார்க்கிற இன்பம் இரட்டிப்பாகிறது என்பதை நான் அனுபவத்தில் கண்டேன்.

முதலில் குமிஹோ என்ற பெயரைப் பார்த்துவிடலாம். அது கொரிய மண்ணில் முளைத்த சொல் அல்ல, சீன எழுத்துகளின் வழியே வந்தது. கு என்றால் ஒன்பது, மி என்றால் வால், ஹோ என்றால் நரி. ‘மலைகடல் நூல்’ என்று பொருள்படும் சீனத்தின் பழைய புவியியல் தொகுப்பில், சிங்சியு என்ற மலையில் ஒன்பது வால் விலங்கு ஒன்று வாழ்வதாகவும், அதன் குரல் குழந்தையின் குரல் போல் இருக்கும் என்றும், அது மனிதரைத் தின்னும் என்றும் குறிப்பு உண்டு. அதே எழுத்துகளைச் சீனர் ஒருவிதமாகவும் கொரியர் ஒருவிதமாகவும் ஜப்பானியர் ஒருவிதமாகவும் வாசித்தார்கள். விலங்கு ஒன்றுதான்.

ஜப்பானுக்குப் போன நரி நம் பக்கமும் ஒருமுறை வந்து போயிருக்கிறது. தமமோ-நோ-மாஎ என்ற பேரழகியாக அரண்மனைக்குள் புகுந்த ஒன்பது வால் நரியின் கதையில், அது அதற்கு முன் இந்தியாவில் மகத நாட்டு இளவரசன் பன்ஸொகுவின் காதலியாக இருந்ததாகச் சொல்வார்கள். ‘பன்ஸொகு’ என்றால் புள்ளிக்கால். மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் சாபம் பெற்று மனிதரைத் தின்றலைந்த கல்மாஷபாதன் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு அது. பாலியில் அவன் கம்மாசபாதன். மகாசுதசோம ஜாதகத்தில் மனிதரைத் தின்னும் அரசனாக வருபவன் அவனே. அந்த ஜாதகக் கதை இலங்கையின் பௌத்தர்களுக்கு நன்கு பழக்கமானது. நம் பக்கத்துக் கதைகளில் அவனருகே நரி எதுவும் இல்லை. அரசனின் பெயர் பௌத்த நூல்களோடு வடக்கேறி, கடல் தாண்டிப் போன பிறகுதான் அவனுக்கு ஒரு நரிக் காதலி வாய்த்தாள். குமிஹோ என்ற பெயர் ஏட்டின் வழியே, படித்தவர் கை மாறிப் பரவிய பெயர். நரி மழையின் கதை வேறு.

‘யொவு’ கொரியரின் சொந்தச் சொல். 15ஆம் நூற்றாண்டில் கொரிய எழுத்துமுறை உருவான காலத்து நூல்களில் அந்தச் சொல்லின் நடுவே வண்டின் ரீங்காரத்தை ஒத்த ஒரு மெல்லிய ஸகரம் இருந்தது. அந்த ஒலிக்கென்று முக்கோண வடிவில் தனி எழுத்தும் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் தலைநகர்ப் பேச்சில் அந்த ஒலி தேய்ந்து மறைய, ‘யொவு’ என்று ஆனது. தெற்கு மாகாணங்களில் அது மறையாமல் வன்மையான ஸகரமாக நின்றது. அங்கே வயதானவர்கள் இன்றும் நரியை ‘யொசி’, ‘யாசி’ என்கிறார்கள். கொரிய நாடகங்களில் தென்மாவட்டப் பாட்டி ஒருத்தி சாமர்த்தியக்காரப் பெண்ணை ‘யாசி’ என்று திட்டுவது காதில் விழுந்தால், தலைநகரம் தொலைத்த மெய்யொலியின் வாரிசைத்தான் நாம் கேட்கிறோம். வட்டார வழக்குகளில் பழைய ஒலிகள் தங்கிவிடுவதைத் தமிழில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி.

இந்தச் சொல்லோடு ஒட்டிப் பிறந்தவை இன்னும் இரண்டு உண்டு. மழைநாளில் சற்றே எட்டிப் பார்த்து மறையும் வெயில் ‘யொவுபியொத்’, நரி வெயில். மூடிய இரவு வானத்தில் மேகம் விலகிய கணத்தில் தெரிந்து மறையும் விண்மீன் ‘யொவுபியொல்’, நரி மீன். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கொரிய மொழியில் நரி என்ற முன்னொட்டு எதைக் குறிக்கிறது என்பது விளங்கிவிடுகிறது. வந்தது தெரியாமல் வந்து, போனது தெரியாமல் போவது. புதர் ஓரத்தில் ஒரு நொடி நின்று, நாம் பார்த்ததும் மறையும் விலங்கின் பழக்கம் முழுவதும் அந்த முன்னொட்டில் இருக்கிறது.

இன்றைய கொரியருக்கு நரி காட்டில் தெரிவதைவிடத் திரையில் தெரிவதே அதிகம். தென்கொரியாவில் செந்நரி ஏறக்குறைய அற்றுப்போய், 2012 முதல் சொபெக் மலைத் தேசியப் பூங்காவில் அதை மீண்டும் வாழவைக்க முயன்றுவருகிறார்கள். விலங்கு குறையக் குறைய அதன் பெயர் மழையிலும் வெயிலிலும் விண்மீனிலும் பிழைத்திருக்கிறது.

வெயில்மழைக்குக் கொரியரிடம் இன்னொரு பெயரும் உண்டு: புலி பெண் கட்டும் நாள். புலிக்கும் நரிக்கும் திருமணம் நடக்கிறது. நரிமேல் ஆசை வைத்திருந்த மேகம் சூரியனுக்குப் பின்னால் மறைந்து நின்று அழுகிறது. கல்யாணத்தால் வெயில், மேகத்தின் அழுகையால் மழை. இப்படி வழங்கும் கதை அது. ஜப்பானில் இதே மழை நரிப் பெண் புகுந்த வீட்டுக்குப் போகும் ஊர்வலம். அகிரா குரோசாவாவின் 1990ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘கனவுகள்’ அந்த ஊர்வலத்தை ஒரு சிறுவன் ஒளிந்திருந்து பார்ப்பதில்தான் தொடங்குகிறது. வங்காளத்தில் நரியின் கல்யாணம். கன்னடத்தில் நம்மைப் போலவே காகமும் நரியும். தெலுங்கில் மாப்பிள்ளை வீடு மாறி, நாய்க்கும் நரிக்கும் கல்யாணம். மலையாளத்தில் குறுக்கன் எனப்படும் நரியின் கல்யாணம், யாரோடு என்று சொல்வதில்லை. மலையாளத்தில் ‘நரி’ என்ற சொல் புலியையும் குறிக்கும் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். கொரியக் கதையில் மணவறையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு விலங்குகளையும் மலையாளி ஒரே சொல்லால் கூப்பிடலாம்! இதில் சரித்திரத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது.

பின்லாந்தின் நாட்டார் வழக்காற்று அறிஞர் மத்தி கூசி 1957இல் வெயில்மழை பற்றிய சொற்றொடர்களை உலகம் முழுவதிலுமிருந்து திரட்டி ஒரு நூலே எழுதினார். மொழியியலாளர் ரொபர்ட் பிளஸ்ட் 1999இல் ‘நரியின் திருமணம்’ என்ற தலைப்பில் நெடிய கட்டுரை எழுதினார். ஐரோப்பாவில் சில இடங்களில் பிசாசு மனைவியை அடிக்கிறது, வேறு சில இடங்களில் சூனியக்காரிக்குத் திருமணம். விலங்குகளும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. பொதுவாய் நிற்பது ஒன்றுதான்: சேராத இரண்டு சேர்கின்றன, அந்தச் சேர்க்கையில் ஏதோ மாயம் இருக்கிறது. வெயிலும் மழையும் வானத்தில் சேரக் கூடாதவை. அதற்கு ஈடாக மண்ணில் ஒரு பொருந்தாத் திருமணத்தை மனிதர்கள் கற்பித்துக்கொண்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த மழையை வேண்டுமென்று போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் இலங்கையின் ரிவர்ஸ்டன். மாத்தளையிலிருந்து ரத்தொட்டை வழியாக இலுக்கும்புரைக்குப் போகும் பாதையில், ஏறக்குறைய 30 கிலோமீற்றரில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடக்கு விளிம்பில் இருக்கிறது அந்தக் கணவாய். மடக்கிய கைமுட்டிகளைப் போலத் தெரிந்ததால் ஆங்கிலேயர் அந்தத் தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் அது தும்பர. ‘தும்’ என்றால் புகை, மூட்டம். வடமொழித் தூமமும் தமிழ் ஏற்றுக்கொண்ட தூமமும் அதுவே. மூட்டம் சுமந்த மலை என்று ஊரார் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். உச்சியில் நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரம் பல நாட்களில் இடுப்புக்கு மேல் தெரியாது.

மேற்குச் சரிவு ஈரமானது. கிழக்குச் சரிவு இறங்க இறங்க உலர்ந்துபோய், பிட்டவல பத்தனையின் புல்வெளியில் முடிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேகம் மேற்கிலிருந்து முகட்டின்மேல் ஏறி நிற்கும். கிழக்குப் பக்கம் வெயில் காயும். ரிவர்ஸ்டனின் காற்று ஆளையே தள்ளும் காற்று. மேகத்திலிருந்து விழும் துளிகளை அது அப்படியே வாரிக்கொண்டுபோய் வெயிலுக்குள் வீசிவிடும். தலைக்கு மேல் நீல வானம், முகத்தில் சாரல். வெயில்மழை உண்டாவதற்கான காரணங்களில் ஒன்று இதுவே: துளி ஓரிடத்தில் பிறந்து, காற்றில் நகர்ந்து, வெளிச்சமான இன்னோரிடத்தில் விழுகிறது. மற்ற ஊர்களில் எப்போதாவது நடப்பதை இந்த மலை தன் அமைப்பினாலேயே அடிக்கடி நடத்திக்காட்டுகிறது. நக்கிள்ஸ் உள்ளிட்ட இலங்கையின் மத்திய மலைநாடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததும் குமிஹோ நாடகம் ஒளிபரப்பான அதே 2010இல்தான்.

இந்தப் பாதையில் சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தோட்டங்களும் அடுத்தடுத்து வருகின்றன. வெயிலில் மழை தூறினால் பேருந்துக்குள் இரண்டு மொழியிலும் ஒரே பேச்சு எழும். ‘அவ்வயி வெஸ்ஸயி நரியாகெ மகுலயி’ என்பது சிங்கள வழக்கு: வெயிலும் மழையும், நரியின் கல்யாணம். அந்தச் சின்னத் தொடரில் இரண்டு குடும்பத்துச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ‘மகுல’ என்பது பாலியின் மங்கலத்திலிருந்து வந்தது. ‘நரியா’ தமிழ் உள்ளிட்ட திராவிட மொழிகளின் நரி. இந்த விலங்குக்குச் சிங்களத்தில் ‘ஹிவலா’ என்ற இன்னொரு சொல்லும் உண்டு. அது வடமொழி சிருகாலத்தின் வழி வந்தது. வங்காளத்தின் ‘சியால்’ அதற்கு உடன்பிறப்பு. பாரசீகம், துருக்கி என்று சுற்றி ஆங்கிலத்துக்குப் போன ‘ஜக்கல்’ தூரத்துச் சொந்தம். ஹிவலா கையில் இருந்தும், கல்யாணத்துக்குச் சிங்களம் நரியையே அழைத்தது. தொடர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் நனைந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தச் சொல்லே போதும்.

அறிவியலும் அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் பொன்னிற நரியின் துணையினத்துக்கு 1841இல் விலங்கியலாளர் வாக்னர் இட்ட பெயர் ‘நாரியா’. ‘கானிஸ் ஒரியஸ் நாரியா’ என்று விலங்கியல் நூல்களில் இன்றும் இருக்கிறது. இலங்கையில் செந்நரி இனம் கிடையாது. இங்கே ஊளையிடுவது இந்த நாரியா ஒன்றுதான்.

ஒருமுறை ரத்தொட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தபோது, என் அக்காவின் மகள் கைப்பேசியில் அந்தக் குமிஹோ நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகி அழுகிற இடம் வந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த சின்னம்மா தலையை நீட்டிப் பார்த்தார்.

“என்னாடி, வெயில்ல மழை பெய்யுது! நரிக்குக் கல்யாணமா?”

“பாட்டி, அவதான் நரியே!”

“அப்ப மாப்பிள்ளை யாரு? காக்காவா?”

பிள்ளை சிரித்து உருண்டாள். நான் அன்று முழுக்க அந்தக் கேள்வியிலேயே இருந்தேன். ஏனென்றால் சின்னம்மா கேட்டது முற்றிலும் சரியான கேள்வி.

நாடகத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். 500 ஆண்டுகளாகக் கோயில் ஓவியத்துக்குள் அடைபட்டிருந்த குமிஹோ, சா தேவுங் என்ற இளைஞனிடம் ஓவியத்தில் ஒன்பது வால்களை வரையச் சொல்கிறாள். அவனும் வரைந்துவிட, வெளியே வந்துவிடுகிறாள். குமிஹோ மனிதரின் ஈரலைத் தின்னும் என்பது கொரியாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவன் நடுங்குகிறான். அவளுக்கோ மாட்டிறைச்சி மேல்தான் தீராத ஆசை. பாதி நாடகம் அவளுக்கு இறைச்சி வாங்கிக் கொடுத்தே அவனுடைய பணம் கரைகிற வேடிக்கை. தின்னக் கூடியவளும் தின்னப்படக் கூடியவனும் மெல்ல மெல்ல ஒருவருக்கொருவர் ஆகிவிடுகிறார்கள். நம் காகத்துக்கும் நரிக்கும் இடையே என்ன உறவு? பாட்டி வடை சுட்ட கதையில் நரியிடம் ஏமாந்தது அந்தக் காகம். வடையைப் பறிகொடுத்த காகத்தை அதே நரிக்கே கட்டிவைக்கிறது தமிழ் வழக்கு. பகையில் தொடங்கி, பொருத்தமே இல்லாத இரண்டு இனங்கள் மணவறையில் முடிவது கற்பனைக் காதல் நகைச்சுவையின் முழு இலக்கணம். அதை நம் பாட்டிகள் மூன்று சொல்லில் அடக்கி, மழை வரும்போதெல்லாம் சொல்லிவந்திருக்கிறார்கள். 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி தமிழ்க் குரலில் கொரிய நாடகங்களைத் தந்தபோது தமிழ்நாட்டில் அவ்வளவு பேர் ஒட்டிக்கொண்டதற்கும், ரூபவாஹினியில் ‘சுஜாத தியணி’ என்ற பெயரில் சிங்களம் பேசிய கொரிய அரண்மனைச் சமையற்காரி சாங்-கும் இலங்கை வீடுகளுக்குள் அவ்வளவு எளிதாக நுழைந்ததற்கும், உணர்ச்சியின் இந்த உள்ளூர்ப் பழக்கம் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குமிஹோ கதைகளில் தவறாமல் வரும் இன்னொன்று நரி மணி. நரியின் உயிராற்றல் திரண்ட சிறு குண்டுமணி அது. பழைய கொரிய நாட்டுக்கதையில், முத்தத்தின்போது அந்த மணியை விழுங்கிவிட்டு மாணவன் ஒருவன் ஓடுகிறான். விழுங்கியதும் வானத்தைப் பார்த்திருந்தால் வான இரகசியமெல்லாம் தெரிந்திருக்கும். அவன் விழுந்த வேகத்தில் மண்ணைப் பார்த்துவிட்டான், மண்ணின் விஷயங்கள் மட்டும் தெரிந்தன. நாடகத்தில் அடிபட்டுக் கிடக்கும் தேவுங்கைக் காப்பாற்ற அவள் கொடுப்பதும் அந்த மணியைத்தான். அதை அவன் 100 நாள் தன்னுள் வைத்திருக்க வேண்டும்.

மணி கொரியாவில் என்றால் கொம்பு இங்கே. நரிக் கூட்டத்தின் தலைமை நரிக்கு மட்டும் தலையில் சிறு கொம்பு முளைக்கும், அது கிடைத்தவருக்கு நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கை சிங்களவர், தமிழர் இருவரிடமும் இருந்ததை, 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியான தம் இலங்கை இயற்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். நகையோடு சேர்த்துவைத்தால் திருட்டுப்போகாது, வழக்கில் வெற்றி கிடைக்கும் என்றெல்லாம் நம்பினார்கள். அவர் கேட்டு எழுதிய பெயர் ‘நரிக்கொம்பு’, தமிழாகவே. இதே கொம்பு தமிழ்நாட்டுத் திருவிழாக் கடைகளில் தாயத்தாக விற்கப்பட்டதை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். டெனன்டின் பெயரும் நக்கிள்ஸில் ஒரு விலங்கின்மேல் ஏறியிருக்கிறது. மூக்கு நுனியில் இலை வடிவக் கொம்போடு, உலகில் இந்த மலைத்தொடரில் மட்டும் வாழும் பல்லியினத்து உயிர் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘செரட்டோபோரா டெனன்டி’. விலங்கியலாளர் கூன்தர் அதை விவரித்ததும் 1861இல். ரிவர்ஸ்டன் பக்கத்து ஈரக்காட்டில் மரத்தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் அதைக் கண்டுபிடிப்பது கடினம், மறப்பது அதைவிடக் கடினம்.

நாடகக்காரர்கள் பெயர் விஷயத்தில் செய்த ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். கொரியாவில் ‘கு’ என்று ஒரு குடும்பப் பெயர் உண்மையிலேயே இருக்கிறது. ‘மிஹோ’ பெண்பெயர் போல ஒலிக்கும். எனவே குமிஹோ என்ற பேயினப் பெயரை அப்படியே பிரித்து, கு குடும்பத்து மிஹோ என்று அவளை மனித உலகுக்குள் நடமாடவிட்டார்கள். ஏட்டில் பயமுறுத்திய ஒரு சொல் அடையாள அட்டையில் எழுதத்தக்க பெயராகிவிட்டது. அந்த இடைவெளி விழுந்த கணத்திலிருந்து பார்ப்பவருக்கு அவள்மேல் பயம் போய்விடுகிறது. ஹொங் சகோதரிகளின் எழுத்தில் நான் மிகவும் மதிப்பது இந்தத் துணிவைத்தான்.

இனி இந்த நாடகத்தைத் தமிழில் ஆக்குகிறவர்கள் யொவுபியை எப்படிச் சொல்வது? காக்கா நரி கல்யாணம் என்றே போடலாம் என்று முதலில் எனக்குத் தோன்றியது. கேட்டவுடன் எல்லோர் முகமும் மலரும். ஆனால் நம் வழக்கில் அழுகை இல்லை. நம் வெயில்மழையில் மேளச்சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும்தான் இருக்கின்றன. கொரிய வழக்கில் யாரோ ஒருவர் மறைந்து நின்று அழுகிறார், மேகமோ மிஹோவோ. தேவுங் வெயிலில் நனைந்துகொண்டு அவளைத் தேடி ஓடும்போது, திரையின் கீழே எழுத்தில் கல்யாணம் என்ற சொல் வந்தால் அந்தக் காட்சி கெட்டுவிடும். அங்கே ‘நரி மழை’ என்றுதான் எழுத வேண்டும். தமிழ் அந்த இரண்டு சொல்லையும் உடனே தன்னுடையதாக்கிக்கொள்ளும், நரி ஏற்கனவே அந்த மழைக்குள் இருப்பதால். கல்யாணத்தைக் கடைசிப் பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம். நரி வெயிலும் நரி மீனும் கூடவே வந்தால் இன்னும் நல்லது. மூடிய வானத்தில் ஒரு நொடி தெரிந்து மறையும் மீனுக்கு ரிவர்ஸ்டனில் தேவை நிறைய இருக்கிறது.